நாலு மணி வரைக்கும்

வெள்ளியங்கிரி விடிய விடிய எழுதிய ஆறு பக்க அறிக்கையைப் பிரதமர் சண்முகசுந்தரம் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் சொருகினார். மேசையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஆட்டம் நின்றிருந்தது.

"இப்ப வாயில சொல்லு" என்றார்.

லிங்கசாமி கதவோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருசம் வேலை பார்த்தவன். மூன்று வாரமாக லீவில் இருந்தான். அன்று காலை ஆறு மணிக்கு உளவுப் பிரிவு அதிகாரி வெள்ளியங்கிரி ஜீப்போடு வந்து வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவனைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறார் என்று சொல்லாமலே தெரிந்தது. கட்டபெட்டுப் பக்கம் இருந்த ஒரு டீ ஃபேக்டரிக்குள் நேற்று மத்தியானம் பிடித்துவைத்த பன்னிரண்டு பேரில் இன்னும் பதினொரு பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். அவன் தங்கை வேணியும் அதில் ஒருத்தி. டீத்தூள் சலிக்கிற அறையில் அவளுக்கு வேலை.

உள்ளே நான்கு பேர் துப்பாக்கியோடு இருந்தார்கள். கோவைச் சிறையில் இருக்கும் தங்கள் தலைவனை விட வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. பிரதமர் குன்னூருக்கு ஓய்வெடுக்க வரும் நாளைப் பார்த்துத்தான் நுழைந்திருந்தார்கள். அவர்களிடம் மார்கழியில் ஒரு கல்குவாரியிலிருந்து திருடிய ஜெலட்டின் குச்சிகள் இரண்டு பெட்டி இருந்தன.

"விடியக்காலம் கடுதாசி குடுத்து ஒரு பொம்பளைய வெளிய அனுப்பியிருக்காங்க. பாப்பம்மாள்னு பேரு, அங்க கூட்டிப் பெருக்கறவங்க" என்றார் வெள்ளியங்கிரி. "போன்ல பேசினேன். சோறும் ஒரு பத்திரிகைக்காரரும் வந்தா, நாலு மணிக்குப் பொம்பளைங்க ஏழு பேரையும் விட்டுர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. நாலு மணி வரைக்கும் பொறுக்கலாங்கய்யா."

"விடுவானுங்களா? நூத்துக்கு எத்தனை?"

"எழுபது சொல்லுவேனுங்க."

"கந்தப்பன், உனக்கு?"

போலீஸ் தலைவர் கந்தப்பன் விறைப்பாக நின்றார். "ஏழு நிமிசம் போதுங்கய்யா. நாப்பது பேரு தயாரா இருக்காங்க. பின்கதவு மரக்கதவு. நூத்துக்கு நூறு."

பிரதமர் சிரித்தார். கோவையில் மில் தொழிலாளர் வழக்குகளை நடத்தி மேலே வந்தவர் அவர். முதல் தேர்தலில் நிற்காதே என்றார்கள், நின்று ஜெயித்தார். கட்சியை உடைக்காதே என்றார்கள். உடைத்து நாட்டையே பிடித்தார். விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் கூடி வேண்டாம் என்று சொன்ன மூன்று காரியங்கள் அவருக்குப் பலித்திருந்தன. அதற்குப் பிறகு ஆலோசனை சொல்ல வந்தவனின் பேச்சை அவர் கேட்பதில்லை. ஆளைப் பார்ப்பார். குரல் ஓங்கியிருக்கிறதா, கண் அலைகிறதா, கை நடுங்குகிறதா, அவ்வளவுதான்.

"ரெண்டு மணிக்கு எனக்கு ஊட்டியில அடிக்கல் விழா. நாலு துப்பாக்கிக்குப் பயந்து ரூமுக்குள்ள குந்தியிருந்தான்னு நாளைக்குப் பேப்பர்ல போடுவான். சரி, கதவோரம் நிக்கறது யாரு?"

"வெடிமருந்து விசயத்துல இவரவிடத் தெரிஞ்சவரு இந்த மலையில இல்லீங்கய்யா. லிங்கசாமி" என்றார் வெள்ளியங்கிரி.

"வா தம்பி. கிட்ட வா. எந்த ஊரு?"

"பூர்வீகம் காரமடைங்க."

"அட, நம்ம பக்கம். சொல்லு."

லிங்கசாமி சொன்னான். அவன் பேசியது அவனுக்கே கேட்டதா என்பது சந்தேகம். அது அவனுடைய தொழில் பழக்கம். எண்ணெய்க் கொட்டகையில், அதாவது நைட்ரோகிளிசரின் தயாரிக்கும் இடத்தில், யாரும் சத்தம் போட மாட்டார்கள். ஓட மாட்டார்கள். கையை வீசிப் பேச மாட்டார்கள். ஆபத்து கூடக் கூடக் குரல் இறங்க வேண்டும் என்பது அங்கே சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். வாளி நிறைய எண்ணெய் தளும்பும்போது பக்கத்தில் நிற்பவனிடம் உதட்டசைவில்தான் சொல்வார்கள். இருபத்தாறு வருசத்தில் அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

"ஜெலட்டின் குச்சிக்குள்ள இருக்கறது அந்த எண்ணெய்தானுங்க. மூணு வாரம் எங்கியோ சோலைக்குள்ள பொதச்சு வெச்சிருக்காங்க. ராத்திரி உறைபனி, பகல்ல வெயில். உறைஞ்சு உறைஞ்சு இளகினா எண்ணெய் குச்சிய விட்டு வெளிய கசியுமுங்க. இப்ப குளிருக்கு, டீத்தூள் காய வெக்கற ட்ரையர் அடுப்பப் பத்த வெச்சு, பெட்டிய அதும் பக்கத்துல வெச்சிருக்காங்களாமா. கசிஞ்ச எண்ணெய் தரையில கெடந்தா, நெருப்பு வேண்டாம், துப்பாக்கி வேண்டாமுங்க. மிதிச்சாப் போதும்."

"கசிஞ்சிருச்சா?"

"கசிஞ்சிருக்குமுங்க."

"பாத்தியா நீ?"

"பாக்கலீங்க. வர்ற வழியில பாப்பம்மாளப் பாத்தேன், மண்டை வெடிக்கற மாதிரி தலைவலிங்க அதுக்கு. உள்ள இருக்கற எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்லுச்சு. அந்த எண்ணெய் ஆவி பட்டா அப்படித்தானுங்க வரும். அதும் முந்தானையில பிசுபிசுப்பு இருந்துச்சு, தொட்டுப் பாத்தேன். பத்து நிமிசத்துல எனக்கும் புடிச்சிருச்சு."

கந்தப்பன் தொண்டையைச் செருமிச் சிரிப்பை அடக்கினார். பிரதமர் அடக்கவில்லை.

"எனக்குங்கூட மந்திரிசபை கூடினாத் தலைவலி வருது தம்பி. எங்கியும் ஒன்னும் வெடிக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். லிங்கசாமி சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தான். வேலையில் தினமும் இருப்பவனுக்கு அந்தத் தலைவலி ஒரு வாரத்தில் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துத் திரும்பினால் திங்கட்கிழமை மறுபடி பிடிக்கும். மூன்று வாரம் லீவில் இருந்து பழக்கம் விட்டுப்போனவனுக்கு, தொட்ட பத்து நிமிடத்தில் பிடித்தது என்றால் அது அந்த எண்ணெய்தான். இதைச் சொல்ல வாயெடுத்தான். பிரதமர் அதற்குள் அவன் இடது கையைப் பார்த்துவிட்டார். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இல்லாத கை.

"இது?"

"பதினாறு வருசத்துக்கு முந்திங்க. ஒரு சொட்டு."

"சூடு கண்ட பூனை" என்றார் பிரதமர், கந்தப்பனைப் பார்த்து. பிறகு குரலைத் தணித்து, கிட்டத்தட்டப் பிரியமாகவே கேட்டார்: "உள்ள உன் ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தார். இல்லை என்று லிங்கசாமி சொல்லிவிடலாம். ஒரே சொல். ஆனால் கொட்டகையில் பொய் சொன்னவனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். வெப்பம் எத்தனை என்று கேட்டால் எத்தனையோ அத்தனைதான் சொல்ல வேண்டும்.

"தங்கச்சிங்க" என்றான். "வேணி."

பிரதமர் தலையை ஆட்டினார். அவருக்குக் கோபமில்லை. ஒரு கணக்கு நேராகிவிட்ட திருப்திதான் முகத்தில் இருந்தது.

"நான் வக்கீல் தம்பி. சொந்தக்காரன் சாட்சிய எந்தக் கோர்ட்டும் அப்படியே எடுக்காது. கந்தப்பன், ஒரு மணிக்குள்ள முடிச்சிரு. இவனையுங் கூட்டிட்டுப் போ, பெட்டிய எடுக்க ஆளு வேணுமில்ல."

தேநீர் வந்தது. அவர் கோப்பையை மேசையில் வைத்தார். அது ஆடவில்லை.

பன்னிரண்டரைக்கு ஃபேக்டரிக்கு மேலே தேயிலைச் சரிவில் நாற்பது போலீஸ்காரர்கள் குப்புறப் படுத்திருந்தார்கள். கீழே தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. புகைபோக்கியில் புகை நேராக மேலே போனது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. லிங்கசாமி கந்தப்பனிடம் ஊர்ந்து போனான்.

"ஏனுங்க, பூட்ஸையாச்சும் கழட்டச் சொல்லுங்க. அடியில ஆணி இருக்குதுங்க. தரையில ஒரசும்."

பக்கத்தில் படுத்திருந்த போலீஸ்காரன் திரும்பினான். "ஏனுங்ணா, மாமியார் ஊட்டு விருந்துக்கா போறோம், வாசல்ல கழட்டி வெச்சுட்டுப் போக?"

கந்தப்பன் சிரிக்கவில்லை. லிங்கசாமியின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். "உத்தரவு வந்துருச்சு லிங்கசாமி" என்றார். "தள்ளிப் படுத்துக்க."

அவன் தள்ளிப் படுக்கவில்லை. எழுந்து நின்று, கீழே பார்த்து, வேணியின் பெயரைச் சொல்லிக் கத்த முயன்றான். காற்றுதான் வந்தது. இருபத்தாறு வருசமாகத் தணித்த குரல் ஓங்க மறுத்தது. இரண்டாம் முறை முயல்வதற்குள் யாரோ அவன் காலை வாரி இழுத்து, முகத்தை மண்ணில் அழுத்தினார்கள்.

ஆறு பேர் ஓடிப்போய்ப் பின்கதவை மரக்கட்டையால் இடித்தார்கள். முதல் இடிக்குக் கதவு விரிசல் விட்டது. இரண்டாவதற்குப் பிளந்தது. உள்ளே ஒரு துப்பாக்கி வெடித்தது. மூன்று பேர் உள்ளே நுழைந்தார்கள். நான்காமவன் நிலைப்படியில் கால் வைத்தான்.

லிங்கசாமிக்குச் சத்தம் கேட்கவில்லை. மண் நெஞ்சில் அறைந்தது. தலை தூக்கியபோது ஃபேக்டரியின் கூரை முழுசாக எழும்பி, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு கிழிந்தது. தகரங்கள் சுழன்று வந்து தேயிலைச் செடிகளைச் சீவின. பூட்ஸைப் பற்றிக் கேலி பேசிய போலீஸ்காரன் உட்கார்ந்த வாக்கில் இருந்தான். கழுத்துக்கு மேலே அவனுக்கு ஒன்றுமில்லை. இரும்பு உருளை ஒன்று சரிவில் மேல்நோக்கி உருண்டு வந்து, இன்னொருவனின் இடுப்பின் மேல் நின்றது. அவன் அம்மாவைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கூப்பிட்டான்.

அப்புறம் டீத்தூள் பெய்தது. பழுப்பாக, சூடாக, எல்லார் மேலும்.

பதினொரு பேரில் ஒருத்தரும் மிஞ்சவில்லை. துப்பாக்கிக்காரர்கள் நான்கு பேரை எண்ணுவதற்கு உடம்பு இல்லை. போலீசில் ஒன்பது. கந்தப்பனுக்கு ஒரு கண் போயிருந்தது. துணியை அதன் மேல் அழுத்திக்கொண்டு, "ஏழு நிமிசம், ஏழு நிமிசம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

லிங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கீழே இறங்கினான். ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தான். ஃபேக்டரிச் சுவர் இருந்த இடத்திலிருந்து முப்பதடி தள்ளி, பாத்தி இடுக்கில், ஒரு நீல ஸ்வெட்டர் கிடந்தது. அவனுடைய தொழிற்சாலை ஸ்வெட்டர்தான். போன குளிருக்கு அவள் கேட்டு வாங்கிக்கொண்டது. அதற்குள் வேணி இருந்தாள், முழங்காலுக்கு மேலே மட்டும். முகத்தில் அடியில்லை. நெற்றியில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள், தலைவலிக்குக் கட்டுவது போல.

குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, செடியின் அடியில், ஒரு ஜெலட்டின் குச்சி. தாள் உரிந்து, மேலெல்லாம் முத்து முத்தாக எண்ணெய் வேர்த்திருந்தது. செடி இடுக்கு வழியாக வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டு மணிக்குப் பிரதமர் வந்தார். அடிக்கல் விழா ரத்தாகியிருந்தது. கூடவே கேமராக்காரர்கள், கலெக்டர், ஐம்பது பேர். தோளில் கருப்புத் துண்டோடு சரிவில் நேராக இறங்கி வந்தார். வழியில் கிடந்த கைகளைப் பார்த்தும் அவர் கண் அலையவில்லை. அந்த ஆளுக்குத் தைரியம் உண்டு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. லிங்கசாமியை நோக்கித்தான் வந்தார், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

"தம்பி..."

"வராதீங்க" என்றான் லிங்கசாமி.

அதே குரல். காலையில் பேசியதைவிட ஒரு இழை குறைவாகவே இருக்கும். பிரதமர் நின்றார். அவருக்குப் பின்னால் ஐம்பது பேரும் நின்றார்கள்.

"என்னப்பா?"

"ஒரு குச்சி மிச்சம் இருக்குதுங்க."

"வெடிக்குமா?"

"எனக்குத் தலைவலிக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிரதமரின் கண் தரையில் இறங்கி, தன் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருந்த மண்ணைத் துழாவியது. நீட்டிய கைகள் மெல்லக் கீழே வந்தன. வலது கை நடுங்கியது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யோணும்? சொல்லு. நீ சொல்றபடி செய்யறோம்."

"வந்த அடியிலயே கால் வெச்சுத் திரும்பிப் போங்க. யாரும் ஓட வேண்டாம். சத்தம் வேண்டாம். வெயில் எறங்கி அது குளுந்தாத்தான் கிட்டப் போகோணும். எண்ணெய உறிஞ்ச ரெண்டு மூட்டை மரத்தூள் வேணும்."

"எத்தனை நேரம்?"

லிங்கசாமி மேற்கே மலை விளிம்பைப் பார்த்தான். நிழல் எப்போது இந்தப் பாத்திக்கு வரும் என்று கணக்குப் போட்டான்.

"நாலு மணி வரைக்குமுங்க."

"சரி" என்றார் பிரதமர். திரும்பி, மிகத் தாழ்ந்த குரலில் எல்லாருக்கும் சொன்னார்: "லிங்கசாமி சொல்ற வரைக்கும் ஒருத்தனும் கீழ எறங்கக் கூடாது."

ஐம்பது பேரும் வந்த சுவடிலேயே கால் வைத்து, கோயிலுக்குள் நடப்பதுபோல் மேலே ஏறிப் போனார்கள். பிரதமர் ரோட்டில் காருக்குள் உட்கார்ந்தார். ஜன்னலோரம் வந்த பத்திரிகைக்காரர்களிடம், "நிபுணர்கள் சொல்றபடிதான் நடந்துக்கிட்டிருக்கோம்" என்றார். அந்த நேரத்துக்கு அது உண்மைதான். வெள்ளியங்கிரி மட்டும் சரிவின் விளிம்பில், மரத்தூள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

லிங்கசாமி சட்டையைக் கழற்றி, வெயில் படாமல் குச்சிக்கும் சூரியனுக்கும் நடுவில் செடியின் மேல் விரித்தான். வேணியைத் தூக்கினால் மண் சரியும், குச்சி உருளும். அதனால் அவளைத் தொடவில்லை. ஈக்கள் வந்தன. கையை வீசக் கூடாது. வாயால் ஊதி விரட்டினான். போயின, திரும்பி வந்தன. நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடித்துக்கொண்டே இருந்தது.

எதிர் மலை ஃபேக்டரியில் நாலு மணிச் சங்கு ஊதியது. நிழல் பாத்தியைத் தாண்டியிருந்தது. லிங்கசாமி கையைத் தூக்கினான். வெள்ளியங்கிரி தன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் மூட்டையைத் தோளில் ஏற்றி, வெறுங்காலோடு இறங்கி வந்தார்.