நண்டு முடிச்சு

"இது நண்டுக்குப் போடுற முடிச்சுதானே?"

"இந்த வூட்ல வேற இன்னா கயிறு கெடக்கு?"

"கயித்தக் கேக்கல. முடிச்சக் கேக்குறேன்."

"என் கைக்கு அந்த ஒரு முடிச்சுதான் தெரியும். நீ மொதல்ல குந்து சத்யா. வவுத்த வெச்சுக்கினு நிக்காத."

சத்யா உட்காரவில்லை. ஏழு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி கட்டிலருகே நின்று அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோகநாதனின் இரண்டு மணிக்கட்டுகளும் அவர் வயிற்றின் மேல் குறுக்காக வைத்துப் பச்சை நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அசையாத வலது கை கீழே, அசையும் இடது கை மேலே. இரண்டு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, நுனியைக் கட்டைவிரலால் உள்ளே சொருகி இழுத்த முடிச்சு. பள்ளி விடுமுறைகளில் பழவேற்காடு கடைத்தெருவிலிருந்த நண்டுக் கடைக்கு அம்மாவோடு போய் அவளும் அந்த முடிச்சைப் போட்டிருக்கிறாள். வளைகாப்பு பற்றிப் பேசலாம் என்று காலையில் மீஞ்சூரில் பஸ் ஏறி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது வீடு வெளியே தாழ் போட்டிருந்தது. தாழைத் திறந்து உள்ளே வந்து இதைப் பார்த்தாள். மதியச் சோற்றுக்கு அம்மா இந்திராணி வீடு திரும்பும்வரை ஒரு மணி நேரம் அவள் கயிற்றைத் தொடவில்லை. அம்மா வந்து பார்க்கட்டும் என்று அப்படியே விட்டிருந்தாள்.

"எப்ப வந்த?" என்று கேட்டாள் இந்திராணி.

"பதினோரு மணிக்கு."

"அப்ப நீயும்தான் ஒரு மணி நேரமா பாத்துக்கினு இருந்துக்கீற. அவுத்து வுட வேண்டியதுதானே?"

சத்யாவின் முகம் சிவந்தது. லோகநாதனின் கண்கள் மகளிடமிருந்து மனைவிக்கும் மனைவியிடமிருந்து மகளுக்கும் போய்வந்தன. அவருடைய வாயின் வலது ஓரம் எப்போதும்போலத் தொங்கி, அதிலிருந்து ஒரு நூல் எச்சில் தலையணைக்கு இறங்கியது. வெளியே யாரோ மணலில் காயும் நெத்திலியை துடைப்பத்தால் புரட்டும் சத்தம் கேட்டது.

"கட்டலன்னா கட்டில்லேர்ந்து வுழுந்துடுவாரா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு?"

"கட்டலன்னா நான் அடிப்பேன்."

சொன்ன பிறகு இந்திராணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஐம்பது முடிந்திருந்தது. மாதாமாதம் வரும் தூரம் நின்று இரண்டு வருடம் ஆகிறது. நின்றதும் உடம்பு அடங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது மடல்வரை ஏறும். உட்கார்ந்திருக்கும்போதே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், இந்த வயசில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தாள். அந்தச் சூட்டோடு இன்னொன்றும் வந்ததை இந்திராணி அவளிடம் சொல்லவில்லை. கைக்குப் பலம் வந்திருந்தது. முப்பது வருடம் நண்டின் கொடுக்கை மடக்கி மடக்கி மணிக்கட்டு மரக்கட்டைபோல் தடித்திருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு குடம் தண்ணீருக்கு மூச்சு வாங்கியவள், இப்போது கணவனை ஒற்றையாளாகத் தூக்கி உட்காரவைத்தாள்.

அந்தக் கணவன் ஒரு காலத்தில் ஃபைபர் படகைத் தோளால் முட்டித் தனியாகத் தண்ணீரில் இறக்கியவர். அதே தோளிலிருந்து இறங்கிய கைதான் சத்யா பிறந்த வருடம் இந்திராணியின் இடது காதைச் செவிடாக்கியது. அடுத்து வயிற்றில் தங்கிய பிள்ளையைத் துடுப்பின் கட்டை கலைத்தது. அவர் கரையேறி வரும் காலடிச் சத்தத்தில் அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று ஏழு வயதிலேயே சத்யாவுக்குத் தெரிந்துவிடும். உண்டு என்றால் காலியாக இருக்கும் ஐஸ் பெட்டிக்குள் ஏறி மூடியை இழுத்துக்கொள்வாள். ஒரு முறை மூச்சுமுட்டி மயங்கிக் கிடந்தவளை இந்திராணி வெளியே தூக்கினாள். குழந்தையின் தலைமுடியெல்லாம் மீன் செதில். அவளைத் தூக்கிய கையில் அப்போது இரண்டு விரல் முறிந்திருந்தது.

போன வருடம் மாசியில், வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, படகிலேயே அவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. கூட இருந்தவர்கள் அவரைத் தூக்கிவந்து மணலில் படுக்கவைத்தார்கள். ஆறு மாதத்துக்குள் முடி பஞ்சுபோல் வெளுத்தது. முதுகிலிருந்த சதை எங்கே போனது என்றே தெரியவில்லை. டிவியில் யாராவது அழுதால் அவரும் அழுதார். ஆனால் இடது கை மட்டும் பழைய ஆளுடையதாகவே இருந்தது. கஞ்சி ஊட்டும்போது மயிரைப் பிடித்து இழுக்கும். போர்த்திவிடக் குனிந்தால் முகத்தில் குத்தும்.

ஒருநாள் அவர் கஞ்சியை அவள் முகத்தில் துப்பினார். அவளுடைய சூடு ஏறியிருந்த நேரம். அறைந்துவிட்டாள். அறைந்த கையோடு, திருப்பி விழப்போகும் அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது லோகநாதன் கோணிய வாயோடு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அன்றைக்குப் படுத்தவள் விடியும்வரை ஒரு முறைகூட விழிக்காமல் தூங்கினாள். அந்தத் தூக்கம்தான் அவளைப் பயமுறுத்தியது. அதற்குப் பிறகு அது பழக்கமானது. சில நாள் அவர் ஒன்றும் செய்யாதபோதுகூட.

நண்டுக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கொடுக்கைக் கட்டாத நண்டைப் பெட்டியில் அடுக்க மாட்டார்கள். கட்டாதவை ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். ஓடு மாற்றி உடம்பு மெத்தென்று இருக்கும் நண்டு வந்தால் அதைக் கட்டவும் முடியாது, மற்றவற்றோடு விடவும் கூடாது. தனியாக ஈரச் சாக்குக்குள் வைக்க வேண்டும். அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். முப்பது வருடத்தில் இந்திராணியின் கட்டைவிரல் தப்பியதில்லை. போன வாரம் தப்பியது. மெத்தென்று இருந்த ஒரு பெரிய நண்டைக் கட்டாத நண்டுகள் கிடந்த தொட்டியில் போட்டுவிட்டாள். கால் மணி நேரத்தில் அதன் இரண்டு கொடுக்குகள் மட்டும் தொட்டி மூலையில் கிடந்தன. "இன்னாடி இந்திராணி, பேரப்புள்ள நெனப்பா?" என்று பக்கத்திலிருந்த மணியம்மாள் சிரித்தாள். இந்திராணியால் அந்தத் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எல்லா நண்டுகளும் ஒன்றுமே நடக்காததுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவரைக் குளிப்பாட்டினாள். சோப்பு போடும்போது அவளுடைய கட்டைவிரல் தன்னால் அவருடைய விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பார்த்தது. மெத்தென்று உள்ளே போனது. அதே நேரத்தில் அவருடைய இடது கை வந்து அவளுடைய கேட்கிற காதின் மேல் விழுந்தது. சொம்பை எடுத்து அடித்தாள். அவருடைய உதடு கிழிந்து, சோப்பு நுரையெல்லாம் சிவப்பாகும்வரை அடித்தாள். மறுநாள் கடையிலிருந்து மூன்று முழம் கயிறு கொண்டுவந்தாள். கட்டிய நண்டை யாரும் ஓங்கி வைப்பதுகூட இல்லை. ஒரு கால் முறிந்தாலும் அது உதவாது. இரண்டு கையாலும் எடுத்து ஈரச் சாக்குக்குக் கீழே படுக்கவைப்பார்கள். கட்டியதை அடிக்க அவள் கைக்குத் தெரியாது. கட்டிய நாளிலிருந்து அவள் அவரை அடிக்கவில்லை.

இதில் பாதியைத்தான் மகளிடம் சொன்னாள். சத்யா கேட்டுக்கொண்டே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள். நுனியை நகத்தால் தள்ளி வெளியே எடுத்து ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். கயிறு தரையில் விழுந்தது. மணிக்கட்டில் மூன்று சிவப்புக் கோடுகள்.

"நைனா பாவம்மா."

"பாவம்தான்."

"இப்ப அவருக்கு இன்னா தெரியும்? கொழந்த மாதிரி ஆயிட்டாரு."

"கொழந்தையா?" இந்திராணி சிரித்தாள். "அப்ப இட்டுனு போயி உன் வூட்ல வெச்சுக்கோயேன். உன் மாமியாகிட்ட சொல்லு, ஒரு கொழந்த வந்துக்குதுன்னு."

"எங்க வைக்கறது? ரெண்டு ரூமு. என் வூட்டுக்காரரே ஹால்ல படுக்கறாரு."

"அப்ப கம்முனு இரு."

"எப்பிடிம்மா கம்முனு இருக்கறது? பத்து நாள்ல வளையல் போட்டு என்னை இங்க அனுப்பப் போறாங்க. நான் இங்கதான் பெத்துக்கணும்." சத்யா எழுந்து அம்மாவின் கையைச் சுட்டிக்காட்டினாள். "கொழந்தய எந்தக் கையில வாங்குவ? இந்தக் கையிலயா?"

இந்திராணி அடுப்படிக்குப் போனாள். தட்டில் சோறு போட்டு, முந்தின நாள் கானாங்கத்தை மீன் குழம்பை ஊற்றினாள். குழம்பு விளிம்பைத் தாண்டியது. நடு முதுகில் சூடு கிளம்புவது தெரிந்தது. இப்போது வேண்டாம் என்று அதனிடம் மனதுக்குள் சொன்னாள். சத்யா வந்து தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

"நான் ஊட்றேன். நீ தள்ளு."

முள் எடுத்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக அவள் ஊட்டியதை லோகநாதன் நாலு வாய் ஒழுங்காகத் தின்றார். சத்யா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாயா என்று அந்தப் பார்வை கேட்டது. ஐந்தாவது வாய்க்கு அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "இன்னும் ஒரு வாய் நைனா, எனக்காக" என்று சத்யா அவருடைய தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

இடது கை எழும்பியதை யாரும் பார்க்கவில்லை. தட்டு சத்யாவின் நெஞ்சில் மோதிக் கவிழ்ந்தது. சோறும் குழம்பும் வயிற்றுப் புடவையில் வழிந்தன. அவருடைய கைமுட்டி அவளுடைய கன்னத்து எலும்பில் பட்ட சத்தம், சுத்தியலால் தேங்காய் ஓட்டைத் தட்டியதுபோல் கேட்டது.

இந்திராணி எப்படி அந்த நாலடியைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, விரித்த கையால் ஒன்று, புறங்கையால் ஒன்று, பிறகு மூடிய கையால் தோளில், கழுத்தில், மறுபடி வாயில் அடித்தாள். பழைய காயம் பிளந்து ரத்தம் பல்லுக்கு வந்தது. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வார்த்தை இல்லாத சத்தம். "வுடும்மா! செத்துடுவாரும்மா!" என்று சத்யா பின்னாலிருந்து அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்தாள். இந்திராணி முழங்கையை ஓங்கினாள். ஓங்கிய முழங்கைக்குப் பின்னால் இருப்பது எந்த வயிறு என்று ஞாபகம் வந்து அந்தரத்தில் நிறுத்தினாள். நிறுத்திய அந்த நொடியில் சத்யா அவளைத் தள்ளினாள். இந்திராணி போய் மூலையிலிருந்த ஐஸ் பெட்டியில் முதுகு மோத விழுந்தாள். இப்போது அதில் பழைய துணி வைக்கிறார்கள். மூடி எகிறித் திறந்து மறுபடி விழுந்து மூடியது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு மூன்று பேரும் அசையவில்லை. சத்யாவின் வலது கை தலைக்கு மேலே ஓங்கியிருந்தது. எதற்கு ஓங்கினாள், யாரை அடிக்க என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மெதுவாக அதை இறக்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கன்னம் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. அதன்மேல் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

லோகநாதன் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். தலையணையில் சரிந்து கிடந்தவர் இடது கையை மெல்ல மகளின் முகத்தை நோக்கி நீட்டினார். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் எதையோ கிள்ளி எடுக்கப்போவதுபோல் குவிந்திருந்தன.

சத்யா அலறவில்லை. ஒரு காலடி பின்னால் வைத்து, ஒரு கையால் வயிற்றை மூடி, இன்னொரு கையைத் தலைக்கு மேல் மடக்கி, தோள்களுக்குள் முகத்தை இழுத்துக்கொண்டாள். இருபத்தெட்டு வயது உடம்பு கண்ணெதிரே சின்னதாகி ஏழு வயதுக்குப் போயிற்று. அவளுடைய பார்வை ஐஸ் பெட்டிக்கு ஓடியது. அதன்மேல் சாய்ந்து கிடந்த இந்திராணி அந்தப் பார்வையைப் பார்த்தாள். லோகநாதனும் பார்த்தார்.

நீட்டிய கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பிப் போய், படுக்கையில் கிடந்த வலது கையைத் தேடிப் பிடித்து, ஒரு செத்த மீனைத் தூக்குவதுபோல் தூக்கி வயிற்றின் மேல் வைத்தது. அதற்கு மேல் குறுக்காகத் தன்னை வைத்துக்கொண்டது. இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து நடுங்கின. கயிறு கட்டிலுக்குக் கீழே, கொட்டிக் கிடந்த குழம்பில் நனைந்து சுருண்டிருந்தது. லோகநாதன் மகளைப் பார்க்கவில்லை. ரத்தம் கலந்த எச்சிலை விழுங்கிவிட்டு, ஐஸ் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி, கோணிய வாயால் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"இந்திரா... கட்டிடு."