மின்னலுக்கு வழி விடுங்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அண்ணன் பட்டாசு என்றே கூப்பிடுவான். லிஃப்ட் மெக்கானிக் வேலை அப்படி. பாதி மாடியில் சிக்கிய பெட்டியைத் திட்டாமல் நகர்த்தியதாக ஞாபகமே இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் யாரையும் திட்டவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக் கணினி போர்டு ஒன்று, அதில் செருக நகத்தளவு மெமரி கார்டு. கார்டில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, செருகி, மின்சாரம் கொடுத்தேன். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. கறுப்புத் திரையில் எழுத்துகள் விறுவிறுவென்று ஓடின. போர்டுக்கு மின்னல் என்று பெயர் வைத்தேன். லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பதில் வந்ததே, எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டைச் சுமந்து தானே ஓட நான் செய்த ஒரு தட்டு வண்டிக்கு மின்னல்தான் மூளை. அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன், படுக்கையை விட்டு எழக்கூடாது. அப்பா நன்றாகச் சமைப்பார், ஆனால் வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பார். இரண்டு கையும் அதற்கே சரி. வாக்கரிலேயே தட்டைக் கட்டிப் பார்த்தோம். சாப்பாடு தரைக்கும் தண்ணீர் அப்பாவின் கால்சட்டைக்கும் போனது.

அண்ணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். நாயாய் அலைந்து வாங்கிய வேலை. லீவு முடிந்துவிட்டது, நாளைக் காலை வராவிட்டால் அந்தக் கிரேனில் வேறு ஆள் ஏறிவிடுவான். சாயங்காலத்துக்குள் வண்டி ஓடினால் போகிறேன், இல்லையென்றால் போன் செய்து வேலை வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றாள். நான் சமையலறையிலிருந்து அண்ணன் கட்டில்வரை தரையில் கறுப்பு டேப் ஒட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே வண்டி போகும்.

எங்கள் தொழிலில் எதற்கும் ஒரு மாற்று வைத்திருப்போம். அந்தப் பழக்கத்தில் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகல் எடுத்தேன். நகல் வேலை செய்கிறதா என்று என் பழைய சோதனை வண்டியில் போட்டுப் பார்த்தேன். செய்தது. அதை அண்ணன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அண்ணி வேண்டுமென்றே டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்தாள். நான் மின்னலுக்கு 'போ' என்று கட்டளை கொடுத்தேன். அசையவில்லை. மறுபடி கொடுத்தேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், மோட்டாரை ஆட்டினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திரையோ எல்லாம் சரியாக நடக்கிறது என்று சாதித்தது.

அண்ணி போனை எடுத்தாள். "பரவால்ல விடு. உன்னால ஆனத நீ செஞ்சுட்ட," என்றாள். அவள் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. லைன் கிடைக்காமல் மறுபடி மறுபடி நம்பரை அழுத்திக்கொண்டே அவள் கூடத்துப் பக்கம் நடந்தாள்.

அப்போதுதான் அண்ணன் உள்ளேயிருந்து கூப்பிட்டான். "ஏ பட்டாசு, கட்டிலுக்கு அடியில எதுவோ ரொம்ப நேரமா முட்டிக்கிட்டு கிடக்கு."

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். பழைய வண்டி கட்டில் காலை இடி இடியென்று இடித்துக்கொண்டிருந்தது. அட மண்டு! நகல் எடுத்தபோது பெயரும் சேர்ந்தே நகலாகிவிட்டது. வீட்டில் இரண்டு மின்னல். பழையதை அணைக்க மறந்திருந்தேன், முதலில் விழித்ததே அதுதான், அதனால் நான் மின்னல் என்று கூப்பிட்டபோதெல்லாம் அதுதான் கேட்டு ஓடியிருக்கிறது. பாவம், நல்ல பிள்ளையைப் போய்த் திட்டியிருக்கிறேன்.

பழையதை அணைத்தேன். சமையலறை மின்னலை அணைத்து மறுபடி எழுப்பினேன். பச்சை விளக்கு கண் சிமிட்டும்வரை காத்திருந்தேன். 'போ' என்றேன்.

போனது. சொட்டுத் தண்ணீர் சிந்தாமல், டேப் வளைந்த இடத்தில் தானும் வளைந்து, கூடத்தைத் தாண்டி, அறை வாசலில் நின்றுவிட்டது. அங்கே போனைக் காதில் வைத்தபடி அண்ணி நின்றாள். எதிரில் ஆள் நின்றால் நிற்க வேண்டும் என்று அதன் நிரலில் நான்தான் எழுதியிருந்தேன். அவள் வண்டியையே பார்த்தாள்.

"வழி விடும்மா. பாவம், உனக்காகத்தான் நிக்குது," என்றார் அப்பா.

அண்ணி மெல்ல ஒதுங்கினாள். மின்னல் உள்ளே போய்க் கட்டிலோரம் நின்றது. அண்ணன் படுத்தபடியே கையை நீட்டி டம்ளரை எடுத்துக்கொண்டான்.

போனில் எதிர்முனை ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தது.

"சார், நாளைக்கு காலைல வந்துடறேன்," என்றாள் அண்ணி. "என் கிரேன்ல யாரையும் ஏத்திடாதீங்க."