வெள்ளிடியின் இடது கை

யஸ்வந்த் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, சுலோச்சனா ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன்களின் படங்களை வயது வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆந்திர எல்லையோரப் புத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருபது வருடமாக அவள் நடத்துகிற கடை. தமிழிலும் தெலுங்கிலும் கல்யாணப் பத்திரிகை, கட்சி பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். ஐம்பத்தேழு வயதில் அவளை ஊருக்கு ஃப்ளெக்ஸ் மேடமாகத்தான் தெரியும். வெள்ளிடி என்ற காமிக்ஸ் நாயகனை உண்டாக்கியவள் என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

யஸ்வந்துக்குத் தெரிந்திருந்தது. திருப்பதியில் காமிக்ஸ் ஸ்டூடியோ நடத்துகிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"எங்க மாமா எல்லா இஷ்யூவும் பைண்ட் பண்ணி வெச்சிருந்தாரு மேடம். நான் தெலுங்குல படிச்சேன். ஸ்கூல் நோட்டு பூரா வெள்ளிடிதான் வரைஞ்சிருப்பேன்" என்றான். பொய் சொல்கிற முகமாக இல்லை.

சித்தூரிலிருந்து ஜெகநாதன் என்பவர் இரண்டு மொழியிலும் நடத்திய சிறுவர் மாத இதழில் ஏழு வருடம் வந்த கதை அது. ஜெகநாதன் இறந்தபிறகு அவர் மகன் இதழின் உரிமைகளை எல்லாம் யஸ்வந்தின் ஸ்டூடியோவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அதில் வெள்ளிடியும் போயிற்று. இப்போது முதல் இதழிலிருந்து புதிதாகத் தொடங்குகிறார்கள். அடுத்த ஞாயிறு திருப்பதியில் வெளியீடு. மேடையில் சுலோச்சனா வந்து நிற்க வேண்டும், எல்லோர் முன்னாலும் வெள்ளிடியை ஒருமுறை வரைந்து காட்ட வேண்டும். அதைக் கேட்கத்தான் அவன் வந்திருந்தான்.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினாள். படங்கள் அழகாக இருந்தன. அவளால் இந்த வயதிலும் அப்படி மேகம் போட முடியாது. நான்காவது பக்கத்தில் ஓர் அரண்மனை வந்தது. பொன் தொட்டிலில் ஒரு குழந்தை. அதன் நெற்றியில் நீலக்கல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மின்னல் வம்சத்தின் கடைசி வாரிசு. எதிரிகளுக்குப் பயந்து தாதி ஒருத்தி குழந்தையை ஒரு கம்பத்தடியில் விட்டுப்போகிறாள். லைன்மேன் ஒருவன் எடுத்து வளர்க்கிறான். பெயர் வஜ்ரதேவ். இருபத்திரண்டாவது பிறந்தநாளில் கல் ஒளிர்கிறது. வம்சத்தின் சக்தி அவனுக்குத் திரும்புகிறது. கடைசிப் பக்கத்தில் அவன் இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கியிருந்தான். இரண்டும் வழவழவென்று இருந்தன.

"முனுசாமி எங்க?" என்றாள். பழைய கதையில் வெள்ளிடியின் பெயர் அது.

"பேரை மட்டும் அப்டேட் பண்ணோம் மேடம். பழைய ஹீரோவ அப்படியே விட்டா செத்துடுவான். வெளிநாட்டுல பத்து வருஷத்துக்கு ஒருதரம் எல்லாரையும் புதுசாத்தான் பொறக்க வெக்கறாங்க. நீங்களே ஒம்பதாவது இஷ்யூல அவனைப் பறக்க வெச்சீங்களே!"

"பறக்க வெச்சேன். பொறப்ப மாத்தல."

யஸ்வந்த் சிரித்தான். "கம்பத்துல கரண்ட் அடிச்சவன் எப்படி மேடம் ஹீரோ ஆவான்? அது வெறும் ஆக்சிடென்ட். படிக்கிற பசங்களுக்கு ஒரு விதி வேணும், ரத்தத்துல ஒண்ணு இருக்கணும். அப்பதான் நம்புவாங்க."

சுலோச்சனா அட்டையை மூடினாள். புத்தகத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

*

முனுசாமி என்ற பெயரைத்தான் அவள் இட்டுக்கட்டினாள். ஆள் நிஜம். அவளுடைய அண்ணன் திருவேங்கடம்.

எண்பத்தொன்பதாம் வருடம் ஐப்பசி மழையில் நகரிக்குப் பக்கத்தில் ஒப்பந்தக் கூலியாக மின்கம்பம் ஏறினான். ஒப்பந்தக்காரர் லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று கீழே நின்று சொன்னார். ஆஃப் ஆகவில்லை. கையுறை கேட்டதற்கு அடுத்த வாரம் வரும் என்றிருந்தார்கள். விழுந்ததில் முறிந்த தொடை எலும்புக்குப் புத்தூர்க் கட்டு போட்டுச் சரியானது. வெந்துபோன இடது கைக்கு எந்தக் கட்டும் இல்லை. மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கிவிட்டன. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் திருவேங்கடம் என்ற பெயரே கிடையாது. 'யாருன்னே தெரியாது, கம்பி திருட வந்தவனா இருக்கும்' என்று அவருடைய ஆட்கள் ஆஸ்பத்திரியில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுலோச்சனாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. அண்ணனின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் வரைய ஆரம்பித்தாள். மழை, கம்பம், ஏறுகிறவன். கரண்ட் அவன் இடது கையில் ஏறி இறங்காமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்தக் கையால் தொட்டு அவன் ஓர் ஊரையே இருட்டாக்குவான், இருண்ட ஊருக்கு விளக்கும் போடுவான். முகமூடி கிடையாது, தலையில் துண்டுதான். மனிதர்களைத் தொடும்போது அவர்களுக்கு அடித்துவிடக் கூடாதே என்று அந்தக் கைக்கு ஒரே ஒரு ரப்பர் கையுறை போட்டுக்கொள்வான். நிஜத்தில் அண்ணனுக்குக் கொடுக்காத கையுறை. அந்த நோட்டுதான் ஜெகநாதனின் இதழில் வெள்ளிடியின் முதல் கதையாக வந்தது.

சாயங்காலம் அவள் புதிய புத்தகத்தைத் திருவேங்கடத்திடம் கொடுத்தாள். அவர் வலது கையால் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"நல்லாத்தான் கீது. கிரீடம்லாம் வெச்சிக்கீறாங்க" என்றார். முகத்தில் சிரிப்பு. "இத்தினி நாளு கழிச்சி என்னை ராஜா மவனாக்கிட்டாங்கம்மா."

"உனுக்குக் கோவமே வரலியாண்ணா?"

"எதுக்கு வரணும்? நாம துன்ற சோத்துல மண்ணு போட்டாங்களா?"

அவர் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். தொட்டில் இருந்த பக்கத்தில் நிறுத்தினார். 

"ஆமா சுலோ, இவனுக்குப் பொறக்கும்போதே எல்லாம் கீது. கம்பத்துல இவன் ஏறவே இல்ல. அப்போ கரண்ட் அடிச்சது யாருக்கு?"

அவர் தொட்டிலின்மேல் விரலை வைத்தார்.

"அன்னிக்கு ஒப்பந்தக்காரன் புக்குல பேரு இல்லன்னானுங்க. நீ ஒரு புக்கு போட்டு எழுதன. இப்போ அதுலயும் இல்ல." அவர் புத்தகத்தை மூடினார். "ஞாயித்துக்கெழம போறியா?"

"போவல. எதுக்குப் போவணும்?"

"போ. வூட்ல குந்திக்கினு என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? மைக்கு குடுக்கறாங்க இல்ல, அங்க சொல்லு."

*

திருப்பதியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் விழா. முந்நூறு பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். இரண்டு பேர் நெற்றியில் நீலக்கல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சுலோச்சனாவுக்கு யஸ்வந்த் சால்வை போர்த்தினான். தெலுங்கில் அவளை "வெள்ளிடியின் அம்மா" என்றான். கைதட்டினார்கள். மேடை நடுவில் வெள்ளைப் பலகை. கறுப்பு மார்க்கரை அவள் கையில் கொடுத்து, "வஜ்ரதேவ், மேடம்" என்று காதோரம் சொன்னான்.

அவள் முதலில் ஒரு நேர்கோடு இழுத்தாள். அது கம்பம். அப்புறம் கால்கள், முழங்காலுக்குமேல் மடித்த காக்கி டவுசர், தலைத்துண்டு. கூட்டம் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக இடது கையைப் போட்டாள். ஒட்டிப்போன மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் போட்டாள். தட்டல் மெல்ல அடங்கியது.

மார்க்கரை மூடிவிட்டு மைக்கை வாங்கினாள். தெலுங்கில்தான் தொடங்கினாள்; எந்த இடத்தில் தமிழுக்கு மாறினோம் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

"இவன் பேரு முனுசாமி. ராஜா மவன் இல்ல. நெத்தியில கல்லு இல்ல. கையுறை குடுக்காம கம்பத்துல ஏத்துனாங்க, அதுல வெந்தான். வெந்தும் சாவல. அதான் அவன் சக்தி. அந்தத் தம்பி படம் நல்லா போட்டுக்கீறாரு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா பொறப்புலயே பெரியவனா இருக்கறவன் கதைய நாம கேட்டுக்கினே கீறோம். இது ஒண்ணுதான் அப்படி இல்லாம இருந்திச்சி. இதையும் மாத்தாதீங்க. மாத்தறதா இருந்தா என் பேரைப் போடாதீங்க."

சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு அவள் படியிறங்கினாள். பின்வரிசையில் யாரோ ஒருவர் விசில் அடித்தார். கேலியா பாராட்டா என்று திரும்பிப் பார்க்கவில்லை. 

*

மேடையில் அவள் பேசியதை யாரோ போனில் எடுத்துப் போட்டார்கள். பழைய முதல் கதை எங்கே கிடைக்கும் என்று நாலா பக்கமிருந்தும் கேட்டார்கள். சுலோச்சனா அந்த நோட்டைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து, பதினாறு பக்கத்தில் தன் கடை மிஷினிலேயே அடித்தாள். அட்டையில் 'வெள்ளிடி: முதல் கதை' என்று போட்டாள். திருவேங்கடம் அதை எடுத்துக்கொண்டு நகரி, சத்தியவேடு என்று தனக்குத் தெரிந்த லைன்மேன்களிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாவது வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வெள்ளிடி என்ற பெயரும், ஒற்றை ரப்பர் கையுறையும், கருகிய இடது கையும் ஸ்டூடியோவின் சொத்து. வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்றிருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பேருமாகத் திருப்பதிக்குப் போனார்கள். ஸ்டூடியோவில் பத்துப் பன்னிரண்டு பேர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வஜ்ரதேவுக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யஸ்வந்த் எழுந்து வந்து நாற்காலி போட்டான்.

சுலோச்சனா நோட்டீஸை அவன் முன்னால் வைத்தாள். "கருகுன கைய நீங்கதான் வாணாம்னு தூக்கிப் போட்டுட்டீங்களே தம்பி. அப்புறம் எதுக்கு அது உங்களுது?"

"அது லீகல் டீம் எழுதறது மேடம். எல்லாத்தையும் சேத்துதான் எழுதுவாங்க. நீங்க மேடையில பண்ணது எனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சி தெரியுமா? வெள்ளிடின்னா எனக்கு உயிரு."

"அப்போ இவரைத் தெரியணுமே" என்றாள் அவள்.

திருவேங்கடம் இடது கையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியிடங்களில் அவர் அதை எப்போதும் மறைத்தே வைத்திருப்பார். தங்கை பார்க்க, மற்றவர்கள் முன்னால் அவர் அதை வெளியே எடுத்தது அதுதான் முதல் தடவை.

"முப்பத்தாறு வருசமா என்கிட்டதான் கீது சாரு" என்றார் மெதுவாக. "உங்க சொத்துன்னு எழுதிக்கீறீங்களாம். எத்துனு போறதுன்னா எத்துனு போங்க."

யஸ்வந்த் அந்தக் கையைப் பார்த்தான். அவன் சின்ன வயதில் நோட்டு நோட்டாக வரைந்த கை. திரைகளுக்கு முன்னால் இருந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். ஒரு பெண் எழுந்தே நின்றாள்.

"இவருதானா?" என்றான் யஸ்வந்த். அவன் குரல் சன்னமாகிவிட்டது. "ஏன் மேடம் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

அவன் நோட்டீஸை எடுத்து மடித்தான். "பேரை என்னால விடமுடியாது மேடம். கையெழுத்து போட்டாச்சி, அடுத்த ஆறு இஷ்யூ ரெடியாயிடுச்சி. கையப் பத்தி எழுதனதை வாபஸ் வாங்கச் சொல்றேன்" என்றான்.

"பேரை நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள் சுலோச்சனா. "வஜ்ரதேவுக்கு அது நல்லாத்தான் கீது. எங்காளுக்குப் பேரு இல்லாமலே பழக்கம்."

திரும்பும் பஸ்ஸில் வடமாலைப்பேட்டை தாண்டியதும் திருவேங்கடம் ஜன்னலோரத்தில் தூங்கிப்போனார். இடது கை மடியில் வெளியே கிடந்தது. அவள் அதைத் துண்டால் மூடப்போய், வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

ஸ்டூடியோ சொன்னபடியே வாபஸ் கடிதம் அனுப்பியது. வஜ்ரதேவ் நன்றாகவே ஓடினான். கார்ட்டூன் படமாக வரப்போகிறது என்றார்கள். அவனுடைய இதழ்களில் சுலோச்சனாவின் பெயர் இல்லை. அவள் தன் ஆளுக்கு 'கம்பத்துக்காரன்' என்று பெயர் வைத்து இரண்டாவது கதையை வெளியிட்டாள். அதில் பறப்பதையும் எடுத்துவிட்டாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மதியம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். சூளூர்பேட்டைக்காரி, பெயர் சபீனா. நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவள். கம்பத்துக்காரனை யாரோ கொடுத்துப் படித்தாளாம். முந்தானையை விலக்கி வலது கையைக் காட்டினாள். இரண்டு விரல்களில் பாதிதான் இருந்தது.

"மிஷினு இழுத்துடுச்சிக்கா. கவனமில்லாம வேல செஞ்சேன்னு எழுதி, கையெழுத்து கேட்டாங்க. நான் போடல. வேலைக்கு வராதன்னுட்டாங்க." பேசும்போது அவள் குரல் பிசகவில்லை. "என்னையும் ஒரு கதையா போடுவீங்களா? முகமூடிலாம் வாணாம்."

சுலோச்சனா கம்ப்யூட்டரில் திறந்திருந்த புதுமனைப் புகுவிழா பத்திரிகையை மூடிவிட்டு ஒரு தாளை எடுத்தாள்.

"குந்து மொதல்ல. துன்னுட்டு வந்தியா?" என்றாள். பென்சிலைச் சீவிக்கொண்டே, "பேரு இன்னா வெக்கலாம்?"

"என் பேரையே வெய்ங்க" என்றாள் சபீனா. "பெருசா வெய்ங்க. அவங்க படிக்கணும்."