மூன்று சுண்டு அரிசி

பியதாச முதலாளிக்கு நாங்கள் கொடுக்க வேண்டியிருந்தது நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். கூரை போடுவதற்காகக் காணி உறுதிப் பத்திரத்தை அடகு வைத்து வாங்கியது. குருணாகலில் கல் உடைத்து வருகிற கூலி வட்டிக்கே போதவில்லை. அதனால்தான் என் மனைவி சோமலதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

போவதற்கு முந்தின வாரம் முழுக்க மகள் நிலந்தியை அடுப்படியில் வைத்து, அரிசி அளக்கிற சுண்டுத் தகரத்தைக் கையில் கொடுத்துப் பழக்கினாள். பிள்ளைக்கு அப்போது எட்டு வயது.

"சுண்டு நிறைய அள்ளு. விரலால வழிச்சு விடு. கூம்பா நிக்கக் கூடாது."

"நின்னா என்னம்மா?"

"மாசக் கடைசியில உங்கப்பா கல்லைத்தான் திங்கணும்."

"அப்பாவுக்குத்தான் கல்லு பழக்கமாச்சே!"

நான், நிலந்தி, கைப்பிள்ளையாக இருந்த மகன் லசந்த என்று மூன்று பேருக்கு மூன்று சுண்டு. தண்ணீருக்குப் பானைக்குள் ஆணியால் ஒரு கீறல் போட்டாள். உப்புக்கு ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டை. "நான் வந்த பிறகு நாலு சுண்டு," என்றாள்.

நான்கு வருடம் நிலந்தி அளவு தவறவில்லை. தாய் போகும்போது நடை பழகாமல் இருந்த லசந்த, அக்கா கைச்சோற்றில் வளர்ந்தான்.

சோமலதா வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். மறுநாள் விடிந்ததும், "இன்னிக்கு நான் ஆக்குறேன்," என்று அடுப்படிக்குள் போனாள். சுண்டை எடுக்கவில்லை. சாக்குக்குள் கையை விட்டு அள்ளி அள்ளிப் போட்டாள். சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

"யாருக்கும்மா இவ்வளவு?" என்று நிலந்தி கேட்டாள்.

"அங்க பதினாலு பேரு..." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

லசந்த ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினான். "உப்புக் கரிக்குது. இவங்க எப்பக்கா திரும்பிப் போவாங்க?"

சோமலதா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் கடைசித் தவணையோடு முதலாளியிடம் போனேன். எண்ணிப் பார்த்து உறுதியைத் தந்தார். "கணக்கு முடிஞ்சுது. பொஞ்சாதி கெட்டிக்காரிதான், இன்னொரு தரம் அனுப்பினா மாடியே கட்டலாம்," என்று சிரித்தார். நான் உறுதியை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் தாயும் மகளும் அரிசிச் சாக்கின் முன்னால் குந்தியிருந்தார்கள். சோமலதா அள்ளிய சுண்டை நிலந்தி விரலால் வழித்து விட்டாள். "கூம்பா நிக்கக் கூடாதும்மா. எண்ணிப் போடுங்க."

மூன்று போட்டதும் சோமலதா சுண்டைக் கீழே வைத்தாள்.

"நாலும்மா."

"வேணாம் மகள். மிஞ்சுறதத் தின்னு பழகிட்டேன்."

உறுதியைச் சுண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "கடன் தீந்துச்சு, சோமா," என்றேன்.

அவள் பானைக்குள் இருந்த கீறலைத் தடவிக்கொண்டிருந்தாள்.