பஞ்சலிங்கத்தை நிறுத்தக் கோரும் பெட்டிசம்

சாவகச்சேரிக் கோட்டு வாசலில் ஊராரின் மனுக்களைப் பெட்டிசமாக எழுதிப் பிழைத்த ஆழ்வாப்பிள்ளைக்கு, 1937ஆம் ஆண்டு மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஒரே கவலை. மோணிங் ஸ்ரார் கிளப்பின் பந்துவீச்சு. வீட்டுக் கூரை மேயாமல் கிடந்தது. மனைவி பூரணம் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனாள். மனுசன் காதில் விழுத்தினால்தானே! தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்ற கிறிக்கெற் அணியொன்றைத் தலையில் சுமந்து திரிகிறவருக்குக் கூரை கண்ணில் படுமா?

இத்தனைக்கும் அவர் மட்டை பிடித்தவரும் அல்லர், பந்து போட்டவரும் அல்லர். சனிக்கிழமைகளில் மைதானத்து வேப்பமரத்தின் கீழே சாக்கை விரித்துக்கொண்டு இருப்பார், அவ்வளவுதான். ஆனால் தென்னந்தும்புப் பாய் விரித்த விக்கற்றில் எந்தப் பந்து எப்படி எழும்பும், எந்தப் பந்துக்கு எவன் மட்டையை நீட்டி மாட்டுப்படுவான் என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம். கோட்டில் சாட்சிக்காரன் கதை சொல்லிக்கொண்டிருக்க, இவர் பெட்டிசக் கடதாசியின் பின்பக்கத்தில் அடுத்த சனிக்கிழமைக்கான பதினொரு பேரை எழுதி, அடித்து, திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்.

துடுப்பாட்டத்தில் அவர் குறை சொல்லவில்லை. அது ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பந்து போடத்தான் ஆளில்லை. யாகோப்பு இடக்கையால் மெல்லப் போடுவான். எவ்வளவு மெல்ல என்றால், பந்து வந்து சேருமுன் அடிக்கிறவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்துவிடலாம். கப்ரன் இராசசிங்கம் கோபம் வந்தால் மட்டும் நன்றாகப் போடுவான். அவனோ ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பொடியன், கோபத்தை அடக்கப் பழகினவன். மிஞ்சியது பஞ்சலிங்கம்.

பஞ்சலிங்கத்தை நினைத்தால்தான் ஆழ்வாப்பிள்ளைக்கு வயிறு எரியும். போன வருசம் அவன் ஓடிவந்து பந்தை விட்டால், வேப்பமரத்துக் காகம்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே அவர் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்த நாட்கள் உண்டு. தம்பி இல்லாத மனுசனுக்கு அவன் தம்பி மாதிரி. அவனோ இந்த வருசம் நிலத்தில் குத்தாமல் நேரே மட்டைக்குப் போகிற புல் ரொஸ் பந்துகளை வரிசையாகப் போட்டு, எதிராளிக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தான். ஓட்டம் குறைந்துவிட்டது. தோள் எழும்பவில்லை. சோம்பல் என்று ஆழ்வாப்பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொலிச் படிப்பை முடித்து வந்த எட்வேர்ட் வேகமாகப் போடக்கூடியவன், அவன் பெஞ்சில் குந்திக்கொண்டிருக்கிறான். பஞ்சலிங்கத்தை ஒரு நாலு ஆட்டத்துக்கு நிறுத்தினால் அவனுக்கும் உறைக்கும், அணியும் உருப்படும்.

இராசசிங்கத்திடம் சொல்லிப் பார்த்தார். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். பஞ்சலிங்கத்திடம் நேரே சொல்ல மனம் வரவில்லை. முகம் கறுத்துப்போவானே என்ற கூச்சம். கடைசியில் தனக்குத் தெரிந்த தொழிலையே செய்தார். கிளப் தலைவருக்குப் பேர் போடாத ஒரு மொட்டைப் பெட்டிசம்.

கையெழுத்துத் தெரியாமல் இருக்க இடக்கையால் எழுதினார். ஓவர் கணக்கு, புல் ரொஸ் கணக்கு, எட்வேர்டின் திறமை எல்லாம் ஒழுங்காக வந்தன. வாசித்துப் பார்த்தால் சப்பென்றிருந்தது. இருபது வருசத் தொழிலில் அவர் கண்ட உண்மை ஒன்று: வெறும் நியாயம் எழுதின பெட்டிசம் மேசை லாச்சிக்குள் போய்விடும். அதில் ஒரு கொழுக்கி இருக்க வேண்டும். வாசிக்கிறவனை இழுத்துப் பிடிக்கிற ஒரு வரி. ஆகவே அடியில் சேர்த்தார்: "மேற்படியாருக்கு நெஞ்சுவருத்தம் இருப்பதாகவும், இருமலில் இரத்தம் காண்பதாகவும் ஊரில் பேச்சு உண்டு. மற்ற விளையாட்டுக்காரரின் சுகத்தை முன்னிட்டாவது தாங்கள் கவனிக்க வேண்டியது."

அப்படி ஒரு பேச்சு ஊரில் இருக்கவில்லை. அவர் எழுதினபிறகுதான் இருந்தது.

கிளப் கூட்டத்தில் தலைவர் அதை உரக்க வாசித்தாராம். பஞ்சலிங்கம் நிறுத்தப்பட்டான், எட்வேர்ட் வந்தான். அந்தச் சனிக்கிழமை அணி வென்றது. ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, பூரணம் கேட்காமலே இரண்டாம் தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

பதினைந்து நாள் போயிருக்கும். மத்தியானம் அவர் சாப்பிட இருந்தபோது பூரணம் குழம்பை விட்டுக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, கேள்விப்பட்டனீங்களே? பஞ்சலிங்கத்தின்ரை தங்கச்சி மகாதேவிக்கு நீர்வேலியிலை பேசின கலியாணம் குழம்பிப்போச்சாம்."

"ஏனாம்?"

"அந்தக் குடும்பத்திலை நெஞ்சுவருத்தமாம். ஆரோ ஒரு கண்கெட்டவன் மொட்டைப் பெட்டிசம் போட்டிருக்கிறான். அவன்ரை கை அழுகாதோ? அந்தப் பொடியன் தேப்பனில்லாத பெட்டைக்காகத் தோட்டம் குத்தகைக்கு எடுத்து, விடியக் காலமை மூண்டு மணிக்கு எழும்பிப் பட்டை பிடிச்சுத் தண்ணி இறைச்சுப்போட்டு வேலைக்குப் போறவன். நாலைஞ்சு மாசமா உதுதான் அவன்ரை பிழைப்பு. நெஞ்சுவருத்தக்காரன் பட்டை பிடிப்பானோ?"

ஆழ்வாப்பிள்ளை பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். தண்ணீர் நிறைந்த பனையோலைப் பட்டையை ஆயிரம் தரம் கிணற்றிலிருந்து இழுத்துச் சரித்த தோள் எப்படி எழும்பும்? இரண்டு மாதம் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தவருக்கு இது தெரியவில்லை. கையை உதறிவிட்டு எழும்பினார். அழுகப்போவது எந்தக் கை என்று அவருக்கே பயமாக இருந்தது.

பஞ்சலிங்கம் டாக்குத்தரிடம் போய்ச் சேர்ட்டிபிக்கற் எடுத்தான். நெஞ்சு சுத்தம் என்று டாக்குத்தர் எழுதிக்கொடுத்தார். சுகமாக இருக்கிறவன் ஏன் சேர்ட்டிபிக்கற் எடுக்கிறான் என்று ஊர் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வைகாசியில் நீர்வேலி அணியுடன் ஆட்டம். மாப்பிள்ளை சண்முகநாதனின் தகப்பன் அருளம்பலம், இளைப்பாறிய தலைமை வாத்தியார், தங்கள் ஊர் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாத மனுசன். அவருடைய கண் முன்னாலே பந்து போட்டுக் காட்ட வேண்டும். இராசசிங்கத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்த ஒரு நாளைக்கு இடம் வாங்கினான்.

அன்றைக்கு அவன் போட்ட பந்தை ஆழ்வாப்பிள்ளை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தில் பந்தை வாங்கியவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பத்து ஓவர், பதினைந்து, இருபது. "காணும், ஆறுமன்" என்று கப்ரன் கையை நீட்டினால், பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. புழுதி எழும்பியது. இடையில் தண்ணீர் குடிக்கும்போது அவனுக்குப் புரைக்கேறிவிட்டது. எவருக்கும் வருகிற சின்ன இருமல். அதை இருமப் பயந்து, கண்ணில் நீர் முட்ட, வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அருளம்பலம் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். பிறகு போய்த் திரும்பவும் ஓடிவந்தான்.

இருபத்தாறு ஓவர். ஏழு விக்கற். மோணிங் ஸ்ரார் வென்றது. சனம் எழும்பிக் குதித்தது. ஆழ்வாப்பிள்ளை மாதக்கணக்காக எந்தப் பந்துவீச்சுக்காகத் தவம் கிடந்தாரோ, அது அவருடைய கண் முன்னே நடந்தது. அவரோ சாக்கின்மேல் இருந்து சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த நாள் பின்னேரம் பஞ்சலிங்கம் அவருடைய வீட்டுக்குச் சைக்கிளில் வந்தான். தோளைத் தூக்க முடியாமல் ஒரு கையாலேயே படலையைத் திறந்தான்.

"அண்ணை, ஊரிலை உங்களைப்போல கிறிக்கெற் தெரிஞ்சவை ஆர்? நெஞ்சிலை வருத்தம் இருக்கிறவன் இருபத்தாறு ஓவர் போடேலாது எண்டு நீங்கள் வந்து வாத்தியாருக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னா எடுபடாது."

ஆழ்வாப்பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் சால்வையைப் போட்டுக்கொண்டு சைக்கிள் பாரில் ஏறினார். நீர்வேலிக்குப் பத்து மைலுக்கு மேலே. வழிநெடுக அவர் ஒரு முடிவைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லி வந்தார்.

வாழைத்தோட்டத்து நடுவே இருந்தது அருளம்பலத்தின் வீடு. பஞ்சலிங்கம் மரியாதைக்குப் படலையடியில் நின்றுவிட்டான். ஆழ்வாப்பிள்ளை மட்டும் உள்ளே போனார். கதிரையில் இருக்கவும் இல்லை.

"வாத்தியார், அந்தப் பெட்டிசம் நான் எழுதினது. இருமலும் பொய், இரத்தமும் பொய். அவனை அணியிலையிருந்து நிப்பாட்டுறதுக்காக நானாச் சேர்த்த வரி."

 அருளம்பலம் மெல்லச் சிரித்தார்.

"ஆழ்வாப்பிள்ளை, நேற்று நீர் மரத்துக்குக் கீழை இருந்து அழுததை நான் கண்டனான். அந்தப் பொடியனிலை உமக்கு அவ்வளவு பட்சம். அவனுக்காக நீர் கொலைப்பழியையும் ஏற்பீர்."

"சத்தியமாச் சொல்லுறன், நான்தான் எழுதினனான்!"

"பொய்ச்சத்தியம் பண்ணாதையும். அந்தக் கடுதாசியை எனக்கும் கொண்டுவந்து காட்டினவை. உம்மடை எழுத்து எனக்குத் தெரியாதோ?"

"அது இடக்கை எழுத்து. கடுதாசியும் பேனையும் தாருங்கோ, இப்ப எழுதிக் காட்டுறன்."

அருளம்பலம் எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"எழுதிக் காட்டி என்ன? நீர்தான் எழுதினது எண்டே வைப்பம். நான் எத்தினை வீட்டுக்குப் போய் உதைச் சொல்லுறது? எனக்கு இன்னும் இரண்டு பெட்டையள் இருக்கினம். நாளைக்கு அவையைப் பாக்க வாறவை, உங்கடை சம்பந்தி வீட்டிலை நெஞ்சுவருத்தமாமே எண்டு கேட்டா நான் ஒவ்வொருத்தருக்கும் கிறிக்கெற் கதையோ சொல்லுறது? நேற்று அவன் போட்ட பந்தைப் பாத்தனான். அவனுக்கு ஒண்டும் இல்லை, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னாலை ஏலாது. சண்முகநாதனுக்கு வேறை இடத்திலை பேசி முடிச்சாச்சு."

படலை வரைக்கும் வந்து, பஞ்சலிங்கத்தைப் பார்த்து அவர் சொன்னார்: "தம்பி, உந்த மனுசனை மறந்துபோடாதை. உனக்காக, அந்தப் பெட்டிசம் தான் எழுதினது எண்டு சொல்லித் தன்ரை பேரைக் கெடுக்கவும் துணிஞ்சவர்."

கொஞ்சத் தூரம் இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்கள். பஞ்சலிங்கம் கேட்டான்: "நீங்கள் ஏன் அண்ணை எனக்காக அப்பிடிச் சொன்னனீங்கள்?"

சும்மா இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். அந்த நன்றியை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

"அது உண்மை, தம்பி. நான்தான் எழுதினனான்."

பஞ்சலிங்கம் நின்றான். வாத்தியார் நம்பாததை அவன் அந்த முகத்தைப் பார்த்ததும் நம்பினான்.

"நான் இருமினதை எங்கை கண்டனீங்கள்?"

"காணேல்லை."

"ஆரும் சொன்னவையோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

ஊராருக்காக ஆயிரம் காரணம் எழுதிய மனுசனிடம் தனக்கென்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல நாக்குக் கூசியது.

"நீ புல் ரொஸ் போட்டுக்கொண்டிருந்தாய், தம்பி."

அவன் அடித்திருந்தால் ஆழ்வாப்பிள்ளை வாங்கியிருப்பார். ஏசியிருந்தாலும் ஆறியிருப்பார். பஞ்சலிங்கம் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை," என்றான். "நானே நிண்டிருப்பன்."

பிறகு சைக்கிளைச் சரித்துப் பிடித்தான். "ஏறுங்கோ. பொழுது படப்போகுது. தங்கச்சி பாத்துக்கொண்டிருப்பாள்."

"நீ போ தம்பி, நான் நடந்து வாறன்."

"பத்து மைல் எப்பிடி நடப்பியள்? ஏறுங்கோ."

ஏறினார். எதிர்க்காற்றில் அவன் எழும்பி எழும்பி மிதித்தான்.  ஆழ்வாப்பிள்ளையின் பிடரியில் அவனுடைய மூச்சு மட்டும் சூடாக வந்து பட்டுக்கொண்டிருந்தது. ஆழமான, சீரான, ஒரு பிசகும் இல்லாத இளம் ஆம்பிளையின் மூச்சு. சாவகச்சேரி வரைக்கும் அவர் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.