கழிவுக் குழாயில் பதினொரு டிகிரி

என் மருமகள் வக்கீல். நான் அவளுக்குக் குமாஸ்தா. மாமனாரை வேலை வாங்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சாய ஆலை. அதன் கழிவு நிலத்தில் இறங்கி எங்கள் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது. வாளியை இறக்கினால் கயிறு மட்டும்தான் மேலே வரும். நம்பாதவர்கள் வரலாம், கயிறு வீட்டில்தான் இருக்கிறது. தெருவுக்காக மருமகள் ஆலைமேல் வழக்குப் போட்டாள். தோற்றால் நாற்பது வீடும் காலி. இரண்டு பேர் சாமான் ஏற்ற லாரிக்கும் பேசிவிட்டார்கள்.

கடைசி விசாரணை நாளில் ஆலைத் தரப்பு ஒரு பரிசோதனை அறிக்கையை நீட்டியது. கழிவுக் குழாயில் பிடித்த தண்ணீர் குடிக்க உகந்ததாம்.

"என்னம்மா, கதை கந்தலா?" என்றேன் காதோரம்.

"சும்மா இருங்க மாமா. சாக்கடையில இவ்வளவு நல்ல தண்ணி வருதுன்னா எங்கேயோ இடிக்குது," என்று கடைசித் தாளைப் புரட்டினாள். எல்லாரும் முடிவைப் படிப்பார்கள். அவள் இணைப்பைப் படிப்பவள். என் பையனைக் கட்டிக்கொள்ளும் முன் அவனுடைய மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கியவள். அப்படியும் கட்டிக்கொண்டாள்.

மாதிரி எடுக்கிற அதிகாரி, பாட்டிலை மூடுமுன் வெப்பமானியை விட்டுப் பார்த்து அளவை எழுத வேண்டும் என்பது விதி. அந்தக் கடைசித் தாளில் எழுதியிருந்தார்.

ஆலை மேலாளர் கூண்டில் ஏறினார். மருமகள் விசாரித்தாள்.

"சாயத்தொட்டி கொதிக்குமா சார்?"

"நாள் பூரா கொதிக்கும்ங்க."

"குழாயில வர்ற கழிவு?"

"ஆவி பறக்கும். கை வைக்க முடியாது," என்றார் பெருமையாக.

"இது வெயில் காலத்துல, நடு மத்தியானம் எடுத்த மாதிரி. பதினொரு டிகிரின்னு போட்டிருக்கு. குழாய்க்குள்ள பனி பெய்யுதா?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்பது மறந்து உட்கார்ந்தார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"அது வந்து... வெயில்ல அதிகாரி ஏன் அலையணும்னு பாட்டிலை நானே நிரப்பிக் கொடுத்தேங்க. கேன்டீன்ல குளிர்தண்ணி மெஷின் இருக்கு. வடிகட்டின தண்ணி..."

"அவர் வெப்பமானியை விட்டப்போ?" என்றாள் மருமகள்.

"மனுஷன் விதிப்படி நடக்கறாரேன்னு சந்தோஷப்பட்டேங்க."

நீதிபதி சிரிப்பை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு உத்தரவு போட்டார். குழாயை அன்றே அடைத்து முத்திரை வைக்க வேண்டும். கழிவைச் சுத்திகரிக்க வழி செய்யும்வரை ஆலை ஓடக் கூடாது.

மருமகள் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நீதிமன்ற ஊழியரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். முத்திரை அரக்கு காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் நாள், தெருவில் எந்நேரமும் அடித்த ஆலை நாற்றம் நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மூக்கு செத்துப்போனது என்று டாக்டரிடம் ஓடினார். டாக்டர் டார்ச் அடித்து இரண்டு துவாரத்தையும் பார்த்தாராம்.

"மூக்குக்கு ஒண்ணுமில்லைங்க. கேஸு ஜெயிச்சிருக்கு. வீட்டுக்குப் போய் நல்லா மூச்சு விடுங்க."