குலுக்கிய புட்டி

அனந்தகிருஷ்ணன் ஜன்மத்தில் மதுவைத் தொட்டவரில்லை. பக்கத்து வீட்டில் யாராவது பல்வலிக்குப் பிராந்தியில் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டால்கூட, இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று மாடி இறங்கி, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக் காற்று வாங்கிவிட்டுத்தான் திரும்புவார். பம்பாயில் உள்ள ஈ எறும்பெல்லாம் குடித்தாலும் குடிக்கும், அனந்தகிருஷ்ணன் குடிக்கமாட்டார் என்று மாதுங்கா முழுக்க ஒரே பேச்சு.

அந்தப் பேச்சுதான் அவரைக் கொண்டுபோய் மூன்று ஒயின் புட்டிகளுக்கு நடுவில் நிறுத்தியது.

அவர் ஹெட் கிளார்க்காக இருந்த கப்பல் கம்பெனியின் முதலாளி பெல்லிங்ஹம் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார். 1947 ஜனவரி. திங்கட்கிழமை கப்பல். அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், மலபார் ஹில் பங்களாவில் ஒரு பழைய வழக்கைத் தீர்த்துவிட்டுப் போவதாகத் துரை சபதம் செய்திருந்தார். பிரான்சு தேசத்தில் போர்தோ என்று ஒரு சீமை. அங்கே 1900-ஆம் வருஷம் விளைந்த திராட்சை மாதிரி முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது துரைமார் வேதம். அந்த வருஷத்துச் சிவப்பு ஒயினில் துரையின் சிநேகிதர் மக்ரே துரையிடம் மார்கோ தோட்டத்துப் புட்டி ஒன்று இருந்தது. இன்னொரு சிநேகிதர் டாக்டர் துரையிடம் லாஃபித் ஒன்று. பெல்லிங்ஹம் துரையிடம் லத்தூர் ஒன்று. எது ஒசத்தி என்று மூவருக்குள்ளும் நடந்த சண்டைக்கு முன்னால் உலக யுத்தம் வெறும் குழாயடிச் சண்டை.

"பேர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும், அனந்தா. புட்டிகளுக்கு முகமூடி போட்டு நம்பர் கொடு. குடிக்கிறவன் யாரையும் இந்த வேலைக்கு நம்ப முடியாது" என்றார் துரை.

பாடகர்களைத் திரைக்குப் பின்னால் உட்கார்த்திப் பாடவைப்பது மாதிரி என்று அனந்தகிருஷ்ணன் புரிந்துகொண்டார். மனைவி வாலாம்பாளிடம் பழைய ரவிக்கைத் துணியில் மூன்று பை தைக்கச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டபோது, "ஆபீஸ் சாமான்" என்றார். அந்தப் பொய்யே அவருக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது.

சனிக்கிழமை காலை பங்களாவின் பின்கட்டு அறையில் மூன்று புட்டிகளும் நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தன. ஒரு வாரமாக அப்படியே நிற்கின்றன. காவலுக்குச் செல்லப்பாண்டி. துரையின் பட்லர், திருநெல்வேலிக்காரன், தாராவியில் குடியிருப்பு. ஊற்றுகிற கை என்றால் அவன் கை. ஓடுகிற டிராமில் நின்றபடி ஊசிக்காதில் எண்ணெய் விடுவான் என்று சொல்வார்கள்.

"வாங்க சாமி. மெள்ள வாங்க. இந்த ரூம்ல ஒரு வாரமா நான் தும்மக்கூட இல்ல" என்றான்.

"ஏம்ப்பா, அதுக்கென்ன பிரசவமா ஆயிருக்கு?"

"அதைவிட மேல சாமி. தொர போனா எனக்குச் சோறு கெடையாதுல்லா? மக்ரே தொர சொல்லிட்டாரு, இன்னைக்கு ஒன் கை எப்பிடிப் பேசுதுன்னு பாக்கேன், நல்லாப் பேசிச்சுன்னா திங்கக்கெழமையே என் வீட்டுக்கு வந்துருன்னு. முப்பிடாதி கோயிலுக்குச் சேவல் நேந்திருக்கா." முப்பிடாதியம்மாள் அவன் பெண்டாட்டி. சொல்லிவிட்டு மேஜை போடப் போய்விட்டான்.

அனந்தகிருஷ்ணன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். வெறும் விரல் படக்கூடாது. மார்கோவுக்குப் பை மாட்டி ஒன்று என்று எழுதினார். லாஃபித்துக்கு மூன்று. லத்தூரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் கறுப்பாக, விரல்கடை உயரத்துக்கு மண்டி!

அவருக்குப் பகீரென்றது. அவர் வீட்டில் பாலக்காட்டு வைத்தியர் அனுப்புகிற தசமூலாரிஷ்டம் ஒரு புட்டி எப்போதும் உண்டு. அதுவும் கறுஞ்சிவப்பு, அதற்கும் அடியில் மண்டி. குலுக்காமல் ஊற்றினால் வாலாம்பாள் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். "மேல இருக்கறது வெறும் தண்ணி. அடியிலன்னா மருந்து இருக்கு!"

நாற்பத்தேழு வருஷத்துச் சத்து முழுவதும் அடியில் கிடக்கிறது. இந்த வெள்ளைக்காரர்கள் மேலோட்டத்தைக் குடித்துவிட்டு அதைக் கொட்டப்போகிறார்கள். மற்ற இரண்டு புட்டிக்காரர்கள் எப்படியோ போகட்டும், இது நம் துரையின் புட்டி. மூன்று வருஷம் முன்னால் துறைமுகத்து டாக்கில் கப்பல் வெடித்து ஆபீஸ் கூரை காக்காய்க் கூட்டம் மாதிரிப் பறந்தபோது, தன் மேஜைக்கடியில் இவரை இழுத்துப்போட்டுக் காப்பாற்றிய துரை. அவர் ஜெயிக்கவேண்டாமா?

அனந்தகிருஷ்ணன் கதவைப் பார்த்தார். புட்டியை இரண்டு கையாலும் பிடித்து, "தன்வந்தரயே நம:" என்று சொல்லிக்கொண்டே, மந்தரமலையால் தேவர்கள் பாற்கடலைக் கடைந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி குலுக்கினார். மண்டி மொத்தமும் கரைந்தது. பையை மாட்டி இரண்டு என்று எழுதி, பரம திருப்தியோடு நடுவில் வைத்தார்.

விருந்து தொடங்கியது. இவ்வளவு வயசான ஒயின் காற்றுப் பட்டால் சீக்கிரம் செத்துவிடுமாம், ஒவ்வொன்றாகத்தான் திறக்க வேண்டுமாம். அனந்தகிருஷ்ணன் சுவரோரம் நின்றார். செல்லப்பாண்டி முதல் புட்டியைத் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது மாதிரி எடுத்துத் திறந்து சாய்த்தான். மாணிக்கத்தை உருக்கின மாதிரி ஒயின் இறங்கியது. டாக்டர் துரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினவர், திறக்கவே இல்லை. உயிர் இருக்கிறதா என்று மக்ரே துரை அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

அடுத்து இரண்டாம் புட்டி.

கிண்ணத்தில் விழுந்தது ஒயின் இல்லை. ஆடி மாசத்து ஆற்றுவெள்ளம். மக்ரே துரை வாயில் வைத்தார், நாக்கை நீட்டினார். நாக்கின்மேல் காப்பித்தூள் மாதிரி கறுப்புப் பொடி.

"இதென்ன, தேம்ஸ் நதியின் அடியா?"

பெல்லிங்ஹம் துரை எழுந்தே விட்டார். "செல்லப்பாண்டி! ஒரு வாரம் தெளியவைத்த புட்டியைக் கலக்கிவிட்டாயே! அந்த அடிமண்டி கிண்ணத்தில் விழவே கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன்!"

அனந்தகிருஷ்ணன் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். மண்டி விழக்கூடாதா?

"இந்தக் கை எனக்கு வேண்டாம்" என்றார் மக்ரே துரை.

செல்லப்பாண்டி புட்டியை வைத்துவிட்டு உக்கிராண அறைக்குள் போனான். அனந்தகிருஷ்ணன் பின்னாலேயே போனார். அவன் வலதுகையை முன்னால் நீட்டி, விரலை விரித்து, அது நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமி, நீங்க பாத்தியள்ல? என் கை ஆடிச்சா?"

"இல்லப்பா."

"ஆடாம எப்பிடிக் கலங்கும்? எனக்கே தெரியாம ஆடுது போலுக்கு. எங்க அப்பனுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது, பொறவு தம்ளரே பிடிக்க முடியல." அவன் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். "சேவல் மிச்சம், போங்க."

அவன் ஓங்கி ஒரு அறை கொடுத்திருந்தால் அனந்தகிருஷ்ணன் வாங்கிக்கொண்டிருப்பார். அவன் தன் கையையே சந்தேகப்பட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மாதுங்காவுக்கும் தெரியாது. அவர் சாப்பாட்டு அறைக்குள் நடந்தார். பத்தடிதான். காசிக்கு நடந்த மாதிரி இருந்தது.

"சார், அவன் கலக்கல. நான்தான் குலுக்கினேன்."

மூன்று துரைமாரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் துரை குலுங்கிச் சிரித்தார்.

"துண்டு சுற்றாமல் புட்டியைத் தொடாத மனுஷர் நீர். நீர் குலுக்கினீரா?"

"அனந்தா, உனக்கு நல்ல மனசு" என்றார் பெல்லிங்ஹம் துரை. "ஒரு ஏழையைக் காப்பாற்ற இப்படிப் பொய் சொல்கிறாய். இது பொய் இல்லை, தர்மம்."

"சத்தியம் சார்!"

"போதும், போய் உட்கார்."

ஊரெல்லாம் போட்ட நல்லவன் பட்டம் இப்போது கழுத்தில் கல்லாகக் கட்டிக்கொண்டு தொங்கியது. உண்மையைச் சொன்னால் தர்மவான் என்கிறார்கள். வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு செல்லப்பாண்டி நின்றிருந்தான். அனந்தகிருஷ்ணனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"இப்படித்தான் குலுக்கினேன்!"

மேஜைமேல் இருந்த மூன்றாம் புட்டியை வெறுங்கையால் எடுத்தார். "தன்வந்தரயே நம:! தன்வந்தரயே நம:!" தலைக்குமேல் தூக்கிக் குலுக்கினார், இடுப்புக்கு இறக்கிக் குலுக்கினார், குடுமி அவிழ்ந்தது, மேஜையில் முள்ளும் கரண்டியும் கூடச் சேர்ந்து ஜதி போட்டன.

"என் லாஃபித்!" என்று டாக்டர் துரை போட்ட கூச்சலில் மலபார் ஹில் மயில்களெல்லாம் கடலைத் தாண்டிப் பறந்தன.

இவ்வளவு பழக்கமாக ஒருவன் பொய்யாகக் குலுக்க முடியாது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. என்ன செய்தோம் என்று அனந்தகிருஷ்ணனுக்கும் அப்போதுதான் விளங்கியது. ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள இன்னொன்று செய்தாகிவிட்டது. புட்டியை வைத்தார்.

மக்ரே துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல் புட்டியின் பையை உருவினார். மார்கோ. "போட்டியில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்! ஏய், செல்லப்பாண்டி! உன் கை வாழ்க. திங்கட்கிழமை வந்துவிடு."

செல்லப்பாண்டி சலாம் போட்டான். அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் வந்து, "எனக்காவ இப்பிடி ஆடிட்டியளே சாமி" என்று முணுமுணுத்தான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் துரை தொப்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். மக்ரே துரையும் கிளம்பிய பிறகு, பெல்லிங்ஹம் துரை கலங்கின கிண்ணத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது நான் பிறந்த வருஷத்து ஒயின். என் தகப்பனார் வாங்கி வைத்தது" என்றார். "இதை ஏன் குலுக்கினாய், அனந்தா?"

"சத்தெல்லாம் அடியில இருக்குன்னு நினைச்சேன் சார். நம்ம புட்டி ஜெயிக்கணும்னு."

"காலையில் மற்ற இரண்டையும் குலுக்கினாயா?"

"குலுக்கல. அந்த ஓரவஞ்சனையும் தப்புதான் சார்."

துரை கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருக்கலாம். கிண்ணத்தை எடுத்து, கடைசித் துளிவரை குடித்து, பல்லில் நறநறத்த மண்டியையும் மென்று விழுங்கினார்.

"கசக்கிறது. ஆனால் சத்தாகத்தான் இருக்கிறது" என்றார். பல்லெல்லாம் கறுப்பு.

அனந்தகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து குளித்தார். மறுபடி குளித்தார். மாதுங்காவுக்கு அன்று சாயங்காலம் தண்ணீர் வரவில்லை என்றால் அதற்கு அவர்தான் காரணம். வாலாம்பாள் வழக்கம்போல அரிஷ்டப் புட்டியைக் கொண்டுவந்து குலுக்கக் கையை ஓங்கினாள்.

"குலுக்காதே!"

அவள் பயந்து நின்றாள். "ஏன்னா, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மேல இருக்கறதைச் சாய்ச்சுக் கொட்டிடு. அடியில இருக்கறதை மட்டும் எனக்குக் குடு."

"அது கசப்புன்னா! தனியா யாராவது குடிப்பாளா?"

"குடு."

அவள் கொடுத்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கறுப்பு மண்டியை மெல்ல, நறநறவென்று மென்றார்.

"இன்னும் இருக்கா?" என்று கிண்ணத்தை நீட்டினார்.